ஒன்றாய்ச் சேர்த்தால் காப்பாற்றியதாகுமா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும் பள்ளிக்கூடக் காலத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நூல்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன எண்டு மட்டும் யோசித்ததில்லை. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம்தான் விதை. புதுக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. வீடுகளில் கிடந்த ஏடுகளும் தனியார் சேகரிப்புகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. சேர்ந்ததால் பெரிதானது, ஒரே இடத்தில் சேர்ந்ததால் ஒரே இரவில் போனது.

இதை எங்களுக்குத் திரும்ப நினைவூட்டியது ஒரு ஹாட் டிஸ்க்.

புத்தூரில் பழைய கோயில் மலர்களையும் கல்வெட்டுப் புத்தகங்களையும் ஸ்கான் செய்து ஒரு கணினியில் சேர்த்து வந்தோம். அதில் இருந்தது இசட்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2001இல் உருவாக்கத் தொடங்கி, 2005இல் மூலநிரலைத் திறந்துவிட்ட கோப்பு முறைமை அது. பல டிஸ்க்குகளை ஒரே ‘பூல்’ ஆக்கிவிடும். அதே 2005இல்தான் நூலகம் இணையத்தளமும் தொடங்கியது.

எங்கட பூலில் முதலில் இரண்டு டிஸ்க்குகள் ‘மிரர்’ ஆக இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும். ஒன்று பழுதானாலும் பயமில்லை. இடம் முடிந்தபோது தனி டிஸ்க் ஒன்றை அதே பூலில் சேர்த்தோம். பாதுகாப்பு அளவு பொருந்தவில்லை எண்டு மென்பொருள் மறுத்தது. நாங்கள் கட்டாயப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தோம்.

தவறு அங்கேதான். பூல் புதிய கோப்புகளை எல்லாப் பகுதிகளுக்கும் பிரித்துப் பிரித்து எழுதும். அதனால் ஒரு பகுதி முழுதாய்ப் போனால் பூலே போய்விடும். குளக்கட்டு ஓரிடத்தில் உடைந்தால், மற்றப் பக்கம் எவ்வளவு பலமாய் இருந்தென்ன? சில மாதத்தில் அந்தத் தனி டிஸ்க் செத்தது. மிரர் இரண்டும் நல்லாய்த்தான் இருந்தன, பூல் திறக்கவில்லை.

பலதைத் திரும்ப ஸ்கான் செய்தோம். ஒரு ஆச்சி தந்த கொப்பியை மட்டும் முடியவில்லை. அதற்கிடையில் அதைக் கறையான் தின்றுவிட்டது.

வேறு வேறு அமைப்புள்ள டிஸ்க்குகளை ஒரே பூலில் சேர்க்கக் கூடாதெண்டில்லை. அளவு வேறாக இருக்கலாம், வயசு வேறாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பகுதியும் தன் டிஸ்க் ஒன்றை இழந்தும் தாங்க வேண்டும். தனி டிஸ்க்குக்கு அண்டைக்கே ஒரு சோடி பூட்டியிருந்தால் அதுவும் மிரராகியிருக்கும். அதோடு, மிரர் தீயிலிருந்தோ தவறுதலாய் அழிப்பதிலிருந்தோ காப்பாற்றாது. அதற்கு வேறோர் ஊரில் இன்னொரு பிரதி வேண்டும்.

இப்போது எல்லாமே சோடியாய்த்தான் பூட்டுகிறோம். இரண்டாம் பிரதி கொழும்பில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. உங்கட வீட்டு அலுமாரிக்குள்ளும் ஒரேயொரு பிரதியாய் ஏதும் கிடக்கும். கறையானுக்கு முன்னம் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.