எண்ணெய் விலை: பம்பில் ஏறியது, அடுப்படியில் தெரிந்தது

2008-ஆம் ஆண்டு ஜூன் 4, புதன்கிழமை மாலை. நள்ளிரவு முதல் எண்ணெய் விலை ஏறுகிறது என்ற அறிவிப்பு வந்த சிறிது நேரத்திற்குள் நாடெங்கும் எண்ணெய் நிலையங்களின் முன் வாகனங்கள் வரிசை பிடித்தன. வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனார்கள். மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சாலை வரை நீண்டு, போக்குவரத்து நிலைகுத்தியது.

லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசாக இருந்த பெட்ரோல் மறுநாள் 2 வெள்ளி 70 காசு. டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசு. அன்றிரவு 40 லிட்டர் நிரப்பியவருக்கு மிச்சமானது 31 வெள்ளி 20 காசு. அதற்காகவா மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்? ஆமாம், அதற்காகத்தான். அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கைக்குள் பெட்ரோல் எப்போது நுழைந்தது என்று பார்க்க வேண்டும்.

நடந்து போகும் தூரத்தில் ஒரு வாழ்க்கை

ரப்பர் தோட்டத்துக் காலத்தில் ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைகளில் பெரும்பாலானவை நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. லயத்திலிருந்து பால்மரக் காட்டுக்கு நடை. தமிழ்ப்பள்ளியும் கோயிலும் மளிகைக் கடையும் தோட்டத்திலேயோ பக்கத்திலேயோ இருந்தன. அடுப்புக்கு விறகு, விளக்குக்கு மண்ணெண்ணெய். பட்டணம் போக வேண்டுமென்றால்தான் பேருந்து.

அது பொற்காலம் அல்ல. கூலி குறைவு. குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே சொந்தம். ஆனாலும் பெட்ரோல் விலை எவ்வளவு என்பது பால்வெட்டும் தொழிலாளிக்கு அன்றாடக் கவலையாக இருக்கவில்லை.

எரிபொருள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை ஜப்பானியர் ஆட்சியில் பார்த்தது. 1942 முதல் 1945 வரை பெட்ரோல் இராணுவத்துக்குப் போனது. பேருந்துகளிலும் கார்களிலும் கரி எரிக்கும் கலன்களைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் அரிதான வீடுகளில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்தது. அரிசி வரத்து குறைந்து மரவள்ளிக் கிழங்கு சோறானது. மிதிவண்டி வைத்திருந்தவரே வசதியானவர்.

வண்டி இல்லாதவரையும் தொட்ட விலை

அடுத்த பாடம் 1973-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அந்த 1974-இல் மலேசியாவின் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியது. உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலையும் வீழ்ந்தது.

கடையில் விலை ஏறுகிறது, மரத்தில் வருமானம் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பால்வெட்டும் குடும்பம் சிக்கிக்கொண்டது. 1974 இறுதியில் கெடா மாநிலம் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். சொந்தமாக வண்டி வைத்திராத குடும்பத்தையும் எண்ணெய் விலை தேடி வந்து தொடும் என்பது அன்று தெரிந்தது. அதே 1974 ஆகஸ்டில்தான் பெட்ரோனாஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டது. 1983-இல், சில்லறை விலையை நிலையாக வைக்க வரியையும் மானியத்தையும் ஏற்றி இறக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் நேரடியாகப் பம்புக்கு வந்து சேரவில்லை.

நீண்டுபோன தூரம்

இதற்கிடையே தோட்ட வாழ்க்கையே கலைந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்க, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன.

வந்த இடத்தில் வீடு ஓரிடம், ஆலை வேறிடம். பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி இன்னோரிடம். பேருந்து எல்லா இடத்துக்கும் போகவில்லை. எனவே முதல் சம்பளத்தில் பலர் முன்பணம் கட்டியது மோட்டார் சைக்கிளுக்கு. 1985-இல் புரோட்டோன் சாகா வந்த பிறகு காரும் பல வீடுகளுக்கு எட்டியது. பலர் அதை முன்னேற்றம் என்றார்கள். முன்னேற்றம்தான். ஆனால் நடந்து கடந்த தூரத்தை இனிக் காசு கொடுத்துக் கடக்க வேண்டியிருந்தது.

625 வெள்ளியின் கணக்கு

இப்போது 2008-க்குத் திரும்புவோம். வேலையிடம் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். போகவர 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள், மொத்தம் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 130 லிட்டர் வேண்டும். 78 காசு உயர்வால் மாதம் 101 வெள்ளி 40 காசு கூடுதல் செலவு.

அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. 2,000 சிசி வரையிலான கார்களுக்கு ஆண்டுக்கு 625 வெள்ளி, 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு 150 வெள்ளி. அஞ்சலகங்களில் வரிசையில் நின்று மக்கள் அதைப் பெற்றார்கள். மேற்சொன்ன குடும்பத்துக்கு அந்த 625 வெள்ளி ஆறு மாதத்தில் தீர்ந்திருக்கும். வண்டியே இல்லாமல் பேருந்தில் போய்வந்த மூதாட்டிக்கு அதில் பங்கு இல்லை. சந்தையில் காய்கறிக்கு அவர் கொடுத்த விலையிலோ எண்ணெயின் பங்கு இருந்தது. பொதுப் போக்குவரத்து போன்ற சில துறைகளுக்கு மானிய டீசல் தொடர்ந்தாலும், அந்தச் சலுகைக்கு வெளியே இருந்தவர்கள் முழு விலை கொடுத்தார்கள். ஜூலையில் மின்கட்டணமும் உயர்ந்தது. மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்திய வீடுகள் மட்டும் தப்பின. அந்த மாதம் பணவீக்கம் 8.5 விழுக்காட்டைத் தொட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாடு காணாத அளவு அது.

வீடுகளில் என்ன நடந்தது? இரண்டு முறை கடைக்குப் போனவர்கள் ஒருமுறை போனார்கள். அக்கம்பக்கத்தார் ஒரே காரில் வேலைக்குப் போனார்கள். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எல்லாரும் போவதற்குப் பதில் ஒருவர் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். அறைக்கு அறை ஓடிய மின்விசிறி கூடத்தில் மட்டும் ஓடியது. வெளியில் வாங்கிய மதிய உணவு வீட்டிலிருந்து கட்டிய சோறானது. கடைசியாகச் சொன்னதன் சுமை யார் மேல் விழுந்தது என்று யோசிக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டுத் தானும் வேலைக்கு ஓடிய தாய்மேல் விழுந்தது. பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசுக்கு ஈடாகப் பல வீடுகளில் ஒரு பெண்ணின் தூக்கம் குறைந்தது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறவில்லை.

இறங்கிய விலை, இறங்காத விலை

அதே ஜூலையில் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. இங்கும் படிப்படியாகக் குறைந்து, 2008 டிசம்பர் நடுவில் பெட்ரோல் 1 வெள்ளி 80 காசானது. உயர்வுக்கு முன்பிருந்ததைவிடவும் குறைவு! ஆனால் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பழைய விலைக்குத் திரும்பவில்லை என்பதே பயனீட்டாளர்களின் குறை. விலையைக் குறையுங்கள் என்று அரசாங்கம் வணிகர்களைக் கேட்டுக்கொண்டது. கடைக்காரருக்கும் மாவு, வாடகை, கூலி என்று வேறு கணக்குகள் இருந்தன. பம்பில் விலை ஏறும்போது தட்டில் விரைந்து ஏறுகிறது. இறங்கும்போது மட்டும் தட்டு காத்திருக்கிறது.

அந்த ஆண்டிலிருந்து நாடும் சில பாடங்களைக் கற்றது. 2012-இல் தொடங்கிய பிரிம் உதவித்தொகை, வண்டியைப் பார்க்காமல் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தது. 2014 டிசம்பரில் மானியம் நிறுத்தப்பட்டு, விலை சந்தையோடு இணைக்கப்பட்டது. பின்னர் விலைக்கு மீண்டும் வரம்பு வந்தது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 30 முதல், ஓட்டுநர் உரிமம் வைத்துள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை ரோன் 95 பெட்ரோல் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது. சலுகை இல்லாதவர்களுக்கு அப்போதைய விலை 2 வெள்ளி 60 காசு.

எல்லாருக்கும் ஒரே விலை என்ற நிலையிலிருந்து, யாருக்கு எவ்வளவு என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது. ஆனால் வரலாறு காட்டும் காரணம் விலை மட்டுமல்ல, தூரமும்தான். மாதத் தவணை குறைவு என்பதற்காக வேலையிடத்திலிருந்து வெகு தொலைவில் வீடு வாங்கும் இளம் தம்பதியர், அந்தத் தவணையோடு 130 லிட்டரையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும். அவர்கள் கணக்கிட்டால் மட்டும் போதாது. வீடமைப்புத் திட்டம் போடுகிறவர்கள் பேருந்து நிறுத்தத்தையும் பள்ளியையும் சந்தையையும் அதே வரைபடத்தில் போட வேண்டும். நடந்து போகும் தூரத்தில் இவையெல்லாம் இருக்கும் வீட்டில், அடுத்த விலையேற்றத்தின் சுமை குறையும். விடியற்காலையில் எழும் தாய்க்கும் சற்று நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைக்கும்.