கார் அலாரம் கத்துவதற்கு முன்பே உங்களிடம் என்ன சொல்கிறது?

நள்ளிரவு 2 மணி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு கார் அலறுகிறது. 'ஐயோ, நம்ம காரா?' என்று சாவியோடு ஓடுகிறீர்கள். போய்ப் பார்த்தால் திருடனும் இல்லை, பூனையும் இல்லை. மறுநாள் மெக்கானிக்கிடம், "அந்த அலாரத்தைக் கழட்டி விட்டுடுங்கண்ணே" என்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! சாயங்காலம் லாக் பண்ணும்போதே கார் புகார் சொல்லியிருக்கலாம். நீங்கள்தான் போனைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பீர்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரங்கள் பலவற்றில், லாக் செய்யும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக பீப் வந்தால், கதவோ டிக்கியோ பானெட்டோ சரியாக மூடவில்லை அல்லது ஏதோ ஒரு சென்சார் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம். திறக்கும்போது பீப் மாறினால், 'நீ இல்லாத நேரத்தில் நான் கத்தினேன்' என்கிறது. எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மூடியிருந்தும் கத்துகிறதா? முதலில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சைப் பாருங்கள். தூசும் மழைத்தண்ணீரும் சேர்ந்து துருப்பிடித்தால், மூடிய பானெட்டையே திறந்திருப்பதாக அலாரம் நினைத்துக்கொள்ளும். பல நேரம் சுத்தம் செய்தாலே போதும்.

அடுத்து பேட்டரி. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு மல்ட்டிமீட்டரில் பாருங்கள். சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. தனி பேக்-அப் பேட்டரி உள்ள சைரன்கள், கார் பேட்டரி படுத்துவிட்டால் யாரோ ஒயரை வெட்டிவிட்டதாக எண்ணி அலறும்.

டேஷ்போர்டில் சிவப்பு லைட்? லாக் செய்தபின் மெதுவாகச் சிமிட்டினால் கவலை வேண்டாம், காவல் காக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் அணையாமல் இருந்தால், சாவியில் உள்ள சிப்பை இம்மொபிலைசர் அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயன்று பாருங்கள். புஷ் ஸ்டார்ட் வண்டி என்றால் ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம், பெரும்பாலும் சிஆர்2032தான். அவசரத்துக்கு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிவைத்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். அந்த சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை!

தீபாவளி வெடிக்கும், லாரி போகும் அதிர்வுக்கும் மட்டும் கத்துகிறதா? ஷாக் சென்சாரின் சென்சிட்டிவிட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் சில கார்களில் சென்ட்ரல் லாக்கும் சேர்ந்து படுத்துவிடும்.