குழந்தைகளின் கைகளில் தோன்றும் மருக்கள்

மரு என்பது மனித பாப்பிலோமா வைரசு (சுருக்கமாக எச்.பி.வி.) மேற்றோலைத் தொற்றுவதால் உண்டாகும் சொரசொரப்பான, தீங்கற்ற தோல் வளர்ச்சி ஆகும். இது எந்த வயதினருக்கும் வரலாம் எனினும் பள்ளிப் பருவத்துச் சிறுவர்களிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. கைவிரல்கள், புறங்கை, நகங்களின் ஓரம் ஆகியன இது வழக்கமாகத் தோன்றும் இடங்கள். பெரும்பாலான மருக்கள் எந்த மருத்துவமும் இன்றித் தாமே மறைகின்றன. சில மட்டும் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் நிலைத்து, மருந்துக்கும் எளிதில் இணங்காமல் இருக்கின்றன. இத்தகைய விடாப்பிடியான மருக்களின் இயல்பும் அவற்றுக்கான மருத்துவமும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயர்

மரு என்னும் சொல்லும் மறு என்னும் சொல்லும் வேறானவை. மறு என்பது பிறவியிலேயே அமைந்த அடையாளம் அல்லது கறையைக் குறிக்கும். மச்சம் என்பது நிறமிச் செல்களின் திரட்சி, அது தொற்றுவதில்லை. பேச்சு வழக்கில் மருவைப் பாலுண்ணி என்பாரும் உளர். ஆனால் அதே பெயரால் கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மென்மையான தோல் நீட்சிகளையும், மொலசுக்கம் என்னும் வேறொரு வைரசால் வரும் முத்துப் போன்ற பருக்களையும் அழைப்பதால் குழப்பம் நேர்கின்றது. இம்மூன்றுக்கும் மருத்துவம் ஒன்றல்ல என்பதால், பெயரைக் கொண்டு மட்டும் மருந்து வாங்குவது சரியன்று. உள்ளங்காலில் வரும் மருவைப் பலர் கால் ஆணி என எண்ணிப் பிளேடால் சீவிவிடுவதும் இத்தகைய குழப்பமே.

காரணி

எச்.பி.வி.யில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. கைகளில் வரும் பொது மருக்களுக்கு 1, 2, 4, 27, 57 ஆகிய எண்களைக் கொண்ட வகைகள் முதன்மையான காரணம். முகத்திலும் புறங்கையிலும் தோன்றும் தட்டை மருக்களை 3, 10 ஆகிய வகைகள் உண்டாக்குகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 ஆகியவை வேறானவை. ஆகவே குழந்தையின் விரலில் உள்ள மரு பின்னாளில் அப்புற்றுநோயாக மாறுமோ எனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அப்புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசிகளும் கை மரு வகைகளைக் குறிவைத்து உருவாக்கப்பட்டவை அல்ல.

தோலில் ஏற்படும் சிறு கீறல், வெடிப்பு அல்லது நீரில் ஊறி மென்மையான பகுதி வழியாக வைரசு உள்ளே நுழைந்து மேற்றோலின் அடித்தள அடுக்கை அடைகின்றது. அங்குள்ள செல்கள் வழக்கம்போல் பிரிந்து மேல்நோக்கி நகரும்போது வைரசும் அவற்றோடு பெருகுகின்றது. மேலடுக்கில் கெரட்டின் மிகுதியாகத் திரண்டு கரடுமுரடான முகடு உண்டாகின்றது. உதிரும் செதில்களோடு வைரசு வெளியேறுகின்றது. தொற்றுக்கும் மரு கண்ணுக்குத் தெரிவதற்கும் இடையே சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எனவே, யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயன் குறைவு.

மரு ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கின்றது என்பதற்கான விடையும் இந்த வாழ்க்கை முறையிலேயே உள்ளது. வைரசு குருதியில் கலப்பதில்லை. செல்களை வெடிக்கச் செய்து அழற்சியை உண்டாக்குவதுமில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் இதனை நெடுநாள் அறியாமலே இருந்துவிடுகின்றது. அறிந்துகொண்ட பின்னர், ஒரே சமயத்தில் எல்லா மருக்களும் சில வாரங்களில் மறைந்து போவதும் உண்டு.

தோற்றமும் இனங்காணலும்

பொது மரு தோலின் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ, சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள சொரசொரப்பான மேடாக இருக்கும். தோலின் இயல்பான கோடுகள் அதன் மேல் தொடர்வதில்லை. ஓரத்தில் விலகிச் செல்கின்றன. மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். இவற்றை மருவின் வேர் என்றும் விதை என்றும் மக்கள் சொல்வர். உண்மையில் அவை குருதி உறைந்த நுண்குழல்களே. மருவுக்கு வேர் கிடையாது; அது மேற்றோலைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஆழமாக வெட்டுவது தழும்பை மட்டுமே தரும்.

நகத்தைச் சுற்றி வரும் மருக்கள் நகம் கடிக்கும் பழக்கமுள்ள குழந்தைகளிடம் மிகுதி. இவை நகத்தின் அடியிலும் பரவக்கூடும் என்பதால் மருத்துவத்துக்கு மிகக் கடினமானவை. இக்குழந்தைகளின் உதட்டிலும் மருக்கள் தோன்றலாம்.

இயல்பாக மறைதல்

எந்த மருந்தின் பயனையும் மதிப்பிடுமுன், ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிதல் இன்றியமையாதது. 1963இல் வெளியான ஒரு கவனிப்பில், காப்பகம் ஒன்றில் வாழ்ந்த சிறுவர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் தாமே மறைந்திருந்தன. அதே காலத்தில் புதியனவும் தோன்றியிருந்தன. நெதர்லாந்தின் தொடக்கப் பள்ளி மாணவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வு, மரு இருந்த பிள்ளைகளுள் பாதிப் பேர் ஓராண்டுக்குள் முற்றும் குணமடைவதைக் காட்டியது. வயது குறைந்த பிள்ளைகளிடம் மரு விரைவில் மறைகின்றது.

எனவே வலி இல்லாத, குழந்தையைத் தொந்தரவு செய்யாத மருவைக் காத்திருந்து பார்ப்பது ஏற்கத்தக்க முடிவே. எழுதுகோல் பிடிக்கும்போது வலித்தல், அடிக்கடி குருதி கசிதல், எண்ணிக்கை பெருகுதல், பள்ளியில் மற்றவர் கேலி செய்வதால் குழந்தை கையை மறைத்துக்கொள்ளுதல் ஆகியன மருத்துவத்தைத் தொடங்கப் போதிய காரணங்கள். இவற்றுள் இறுதியானதைப் பெரியவர்கள் சிறிதாக எண்ணிவிடுவதுண்டு. குழந்தைக்கு அது சிறிதன்று.

மருத்துவம்

வைரசை நேரடியாகக் கொல்லும் மருந்து எதுவும் இதற்கு இல்லை. தொற்றிய தோலை அழிப்பது, அல்லது நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவது என்னும் இரண்டு வழிகளே உள்ளன.

முதலில் பரிந்துரைக்கப்படுவது சாலிசிலிக் அமிலம் ஆகும். இது ஏறத்தாழ 17 விழுக்காடு செறிவில், பல தயாரிப்புகளில் லாக்டிக் அமிலத்தோடு சேர்த்து, கொலோடியன் என்னும் விரைவில் உலரும் நீர்மத்தில் கலந்து சிறு குப்பிகளில் விற்கப்படுகின்றது. 2012இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 85 ஆய்வுகளை ஆராய்ந்து, மருவுக்கான பூச்சு மருந்துகளுள் இதற்கே ஓரளவு உறுதியான சான்று உள்ளதென முடிவு செய்தது. பயன் மிதமானது, ஆனால் ஆபத்து குறைவு.

இம்மருந்து பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பயன்படுத்தும் முறையே. மருவின் மேலுள்ள தடித்த இறந்த தோலை நீக்காமல் பூசினால் மருந்து உள்ளே செல்வதில்லை. கையை வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, வெளிறிய மேல்தோலை அட்டையாலான நக அரத்தால் மெல்லத் தேய்த்தெடுக்க வேண்டும். குருதி வருமளவு தேய்க்கக் கூடாது. அந்த அரத்தை நகத்துக்கோ பிறருக்கோ பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு துளி வைத்து உலரவிட வேண்டும். இதனை நாள்தோறும், 12 வாரங்கள் வரை செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் பயன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவோரே மிகுதி. தோல் எரிந்து புண்ணானால் சில நாள் விட்டுப் பின் தொடரலாம். முகத்திலும், மச்சம் அல்லது பிறவி அடையாளத்தின் மேலும், புண்பட்ட தோலிலும் இதனைப் பூசக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. கொலோடியன் எளிதில் தீப்பற்றுவது. அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் திறக்கக் கூடாது.

இரண்டாவது முறை உறைவித்தல். கழித்தல் 196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரசனை மருவின் மேல் சில விநாடிகள் தெளித்து அல்லது பஞ்சால் ஒற்றி உறையச் செய்வர். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 250 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 13 வாரங்கள் கவனிக்கப்பட்டனர். பொது மரு உடையோருள் உறைவித்தலால் 49 விழுக்காட்டினரும், சாலிசிலிக் அமிலத்தால் 15 விழுக்காட்டினரும், காத்திருந்ததால் 8 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். உள்ளங்கால் மருக்களில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகக் கை மருவைப் பொறுத்தவரை உறைவித்தலுக்கு மதிப்பு உண்டு. எனினும் மிகச் சிறந்த குழுவிலும் பாதிப் பேருக்கு மரு போகவில்லை என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

உறைவித்தல் வலி தருவது. கொப்புளம் எழலாம், கருமையான தோலில் வெண்திட்டு மாதக்கணக்கில் நிற்கலாம், நகத்தருகே மிகையாகச் செய்தால் நகம் கோணலாக வளரலாம். சில வேளைகளில் நடுவிலுள்ளது அழிந்து, ஓரத்தில் வளையமாகப் புதிய மரு முளைக்கும். சிறு குழந்தைகளைப் பலர் பிடித்துக்கொண்டு இதனைச் செய்ய வேண்டியிருப்பதால், மிக இளம் வயதினருக்குப் பல மருத்துவர்கள் இதனைத் தவிர்க்கின்றனர். தானே மறையக்கூடிய ஒன்றுக்காகக் குழந்தைக்கு மருத்துவமனையையே அச்சமாக்கிவிடுவது நல்ல பேரம் ஆகாது.

துணி ஒட்டுநாடாவால் மருவை மூடிவைக்கும் முறை 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வால் புகழ்பெற்றது. அதில் ஒட்டுநாடா 85 விழுக்காட்டினருக்கும் உறைவித்தல் 60 விழுக்காட்டினருக்கும் பயன் தந்தன. ஆனால் 2006இல் நெதர்லாந்தில் 103 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஒட்டுநாடாவால் 16 விழுக்காட்டினரும், போலி மருத்துவத்தால் 6 விழுக்காட்டினரும் மட்டுமே குணமடைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் போதுமானதன்று. தீங்கில்லாத முறை என்பதால் முயன்று பார்க்கலாம் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

இவையெல்லாம் பல மாதங்கள் முறையாகச் செய்தும் மறையாத மருவுக்குத் தோல் மருத்துவரின் துணை தேவை. நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசிகளை மருவிலேயே செலுத்துவது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பு மருந்து, காண்டிடா பூஞ்சைச் சாறு ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. உடல் ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளை மருவுக்குள் வைத்தால், அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் அருகிலுள்ள வைரசையும் கண்டுகொள்ளும் என்பதே கருத்து. பயன் தரும்போது, ஊசி போடாத தொலைவிலுள்ள மருக்களும் மறைகின்றன. இந்தியாவிலும் இம்முறை கையாளப்படுகின்றது. பிளியோமைசின் ஊசி, லேசர், மின்னால் சுட்டெடுத்தல் ஆகியன குழந்தைகளுக்கு இறுதி நிலையிலேயே எண்ணத்தக்கவை. சுட்டெடுத்த பின்னும் மரு திரும்ப வருவதுண்டு. வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின் மாத்திரை மருவைப் போக்கும் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. குழந்தைகளின் கை மருக்களுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்துப் பார்த்த, 1996இல் வெளியான 60 குழந்தைகள் பற்றிய ஆய்விலும் போலி மருந்தைவிட மேலான பயன் காணப்படவில்லை.

உடலெங்கும் மருக்கள் விரைவாகப் பெருகுமாயின் நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றம் அல்லது புற்றுநோய் மருத்துவம் பெற்ற குழந்தைகளுக்கு மருக்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் நீண்ட காலமும் இருக்கும்.

நாட்டு வழக்கங்கள்

தமிழகத்தில் அம்மான் பச்சரிசியின் பாலை மருவில் தடவுவது பரவலான வழக்கம். எருக்கம்பால், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவுவதும், காம்புள்ள மருவை முடியாலோ நூலாலோ இறுகக் கட்டுவதும் உண்டு. கோயில்களில் உப்பும் மிளகும் காணிக்கையாக இடுவதும், குளத்தில் வெல்லம் கரைப்பதும் மரு நீங்க நேர்ந்துகொள்ளும் வழிபாடுகளாகும். மேலை நாட்டிலும் இத்தகையவை குறைவல்ல. மார்க் டுவைன் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், மரத்தின் பொந்தில் தேங்கிய நீரும் செத்த பூனையும் மருவுக்கு மருந்தாகச் சிறுவர்களால் பேசப்படுகின்றன.

மூன்றில் இரண்டு மருக்கள் தாமே மறைபவை என்பதால், எதைச் செய்தாலும் பலருக்கு அது பலித்ததாகவே தோன்றும். இவ்வழக்கங்களுள் வெல்லம் கரைப்பதால் தோலுக்குத் தீங்கில்லை. எருக்கம்பால் அவ்வாறன்று: குழந்தை அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் விழிவெண்படலம் பாதிக்கப்படும். சுண்ணாம்பு தோலைச் சுட்டு, மருவைவிடப் பெரிய தழும்பைத் தரக்கூடும்.

வரலாறு

உரோமானிய எழுத்தாளர் செல்சசு கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே மருக்களை வகைப்படுத்தி எழுதியுள்ளார். 1907இல் இத்தாலிய மருத்துவர் சூசெப்பே சூஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாக்கள் செல்ல முடியாத நுண்வடிகட்டியில் வடித்த நீரைத் தோலில் செலுத்தி மரு உண்டாவதைக் காட்டினார். மருவுக்கு வைரசே காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1949இல் இலத்திரன் நுண்ணோக்கியால் மருவில் வைரசுத் துகள்கள் காணப்பட்டன. இவ்வைரசுகளுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்ட செருமானியர் ஆரால்டு சூர் ஆசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பரவலும் தடுப்பும்

நேரடித் தொடுகையாலும், துண்டு, நகவெட்டி போன்ற பொதுப் பொருள்களாலும் மரு பரவுகின்றது. இவ்வைரசுக்குக் கொழுப்பாலான வெளியுறை இல்லாததால் ஆல்ககால் கலந்த கைத்தூய்மிகளால் எளிதில் அழிவதில்லை. நீச்சல் குளங்களே காரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆனால் நெதர்லாந்துப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், குடும்பத்திலும் வகுப்பிலும் மரு உடையோர் எத்தனை பேர் என்பதே புதிய மருவோடு கூடுதல் தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஒரே குழந்தையின் உடலில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதும் மிகுதி. கிள்ளுதல், கடித்தல், சொறிதல் ஆகியவற்றை நிறுத்தினால் இது குறையும். கிள்ளும் பழக்கத்தை விட முடியாத குழந்தைக்கு மருவின் மேல் சிறு ஒட்டுப்பட்டை போட்டுவைக்கலாம். கை மருவுக்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ விலக்கி வைக்க வேண்டியதில்லை.