ஹெப்பகோடிச் சாலையில் தாமதம் இடம் மாறிய கதை

வலைப்பக்கத்துக்குள் பதித்து வைத்த விற்பனை ரிப்போர்ட் திறக்க நேரமானால், முதல் பழி இணைய வேகத்தின் மேல்தான் விழுகிறது. பெங்களூர்-ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவே இருக்கிறது ஹெப்பகோடி. அதைச் சுற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் மென்பொருள் தொழில் வளர்ந்த விதத்தைப் பார்த்தால், அந்தப் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுவது தெரியும். இங்கே இணைப்பின் வேகம் பல்லாயிரம் மடங்கு கூடியது. காத்திருப்பு மட்டும் ஒழியவில்லை. கணக்கை முன்கூட்டியே போட்டு வைக்கும் வழக்கம் எங்கெல்லாம் கைவிடப்பட்டதோ, அங்கெல்லாம் அது குடியேறிக்கொண்டது.

கர்நாடக அரசு 1976இல் தொடங்கிய கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ஆர். கே. பாலிகாவின் முனைப்பில், 1978இல் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் சுமார் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருக்கு வந்து, செயற்கைக்கோள் வழியாகத் தன் வெளிநாட்டு அலுவலகங்களோடு தொடர்பு வைத்துக்கொண்டது. தனக்கென்று அப்படியோர் ஏற்பாடு செய்துகொள்ள முடியாத சிறிய நிறுவனங்களுக்கு, 1991இல் அமைந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா பொதுவான தரைநிலையத்தின் வழியே இணைப்பைப் பங்கிட்டுத் தந்தது. நொடிக்கு 64 கிலோபிட் கிடைத்தாலே அன்று பெரிய வசதி. அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு போய்ச் சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பவே அரை நொடி கழிந்துவிடும்.

இந்த நெருக்கடி ஓர் ஒழுங்கைக் கட்டாயமாக்கியது. அன்றன்றைய பரிவர்த்தனைகளை இரவில் மொத்தமாகக் கணக்கிட்டுத் தொகுப்பார்கள். கூட்டுத்தொகை மட்டும் வெளியே போகும், அல்லது ஓரத்தில் துளையிட்ட தொடர்தாளில் அச்சாகி மேலாளர் மேசைக்கு வரும். காலையில் அதைப் பிரிப்பவர் ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் காத்திருப்பு முழுவதையும் இயந்திரம் இரவிலேயே அனுபவித்து முடித்திருந்தது. இந்த வழக்கத்துக்குக் கோட்பாட்டு வடிவமும் பின்னர் கிடைத்தது. ரால்ஃப் கிம்பல் 1996இல் வெளியிட்ட தரவுக் கிடங்கு நூலும், கணினி அறிஞர் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் முன்வைத்த ‘டேட்டா கியூப்’ முறையும், கூட்டுத்தொகைகளை முன்பே ஆயத்தமாக வைத்திருக்கும் வழிகளைத் தெளிவாக்கின.

2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிள் போன்றவை வந்த பிறகு, இணைப்பின் இறுக்கம் தளர்ந்தது. அதோடு ஆயத்தப் பழக்கமும் தளர்ந்தது. ரிப்போர்ட்களை உருவாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைப் பிற செயலிகளுக்குள் பதிக்கும் வசதி 2016இல் வந்தது. அப்படிப் பதித்த ரிப்போர்ட்டை ஒருவர் சொடுக்கும்போது நடப்பதைப் பாருங்கள். பயனர் யார் என்று சரிபார்த்து, டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும். பக்கத்துக்குள் பக்கமான ஐஃப்ரேம் திறந்து அதற்குரிய நிரல் இறங்க வேண்டும். ரிப்போர்ட்டின் அமைப்பு வர வேண்டும். பிறகு ஒவ்வொரு வரைபடமும் தன் கேள்வியைத் தனியாக அனுப்பும். ஒரே பக்கத்தில் 20 வரைபடங்கள் இருந்தால் 20 கேள்விகள். தரவை நகலெடுத்து வைக்காத டைரக்ட் குவரி முறையாக இருந்தால் அத்தனையும் மூலத் தரவுத்தளத்தின் கதவையே போய்த் தட்டும். அன்று இரவில் முடிந்த வேலை, இன்று பார்ப்பவரின் கண்ணெதிரே நடக்கிறது.

சர்வர் திறனைக் கூட்டினால் தீராதா என்று கேட்கலாம். நெரிசலால் வரும் தாமதம் அதில் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒன்று முடிந்த பின்பே அடுத்தது தொடங்கும் படிகள் அப்படியேதான் இருக்கும். ஹெப்பகோடி வழியாகப் போகும் மெட்ரோ மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறந்தபோது, 19 கிலோமீட்டர் பாதை தயாராக இருந்தும் மூன்றே ரயில்கள் இருந்ததால் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஓடியது. பயணிகளின் நேரம் போனது பாதையில் அல்ல, பிளாட்பாரத்தில். ரிப்போர்ட்டிலும் எந்தப் படியில் நேரம் போகிறது என்று அளக்காமல் திறனுக்குப் பணம் கொட்டுவது வீண். தொலைவும் ஒரு காரணம்தானே என்றால், ஆம். அமெரிக்காவில் உள்ள சர்வருக்கு ஒருமுறை போய்வரவே கால் நொடி அளவுக்கு ஆகலாம். ஐந்து படிகள் வரிசையாக நின்றால் ஒரு நொடிக்கு மேல் போய்விடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னை, புணே, மும்பை பகுதிகளில் தரவு மையங்களைத் திறந்துவிட்டது. இந்தியப் பயனருக்கான ரிப்போர்ட்டைக் கடல் கடந்து வைப்பது இன்று இயற்கையின் தடை அல்ல, நிர்வாகத்தின் தேர்வு.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று: நேற்றிரவுக் கணக்கு இன்றைய வணிகத்துக்குப் போதாது. கிடங்கில் இந்த நிமிடம் எத்தனை பெட்டி இருக்கிறது என்று தெரிய வேண்டியவருக்கு இது முற்றிலும் நியாயம். ஆனால் மாத விற்பனை, கிளைவாரி வசூல், கடந்த ஆண்டோடு ஒப்பீடு என்று ரிப்போர்ட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. மாறும் ஒரு எண்ணுக்காக மாறாத பத்தொன்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவதில் துல்லியம் எதுவும் கூடுவதில்லை.

காத்திருப்பு சின்ன விஷயமும் அல்ல. பதில் தாமதமானால் மனம் வேலையை விட்டு விலகிவிடும் என்று ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968இலேயே எழுதினார். பதில் ஒரு நொடிக்குக் கீழே இறங்கும்போது வேலைத்திறன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உயர்வதை ஐபிஎம்மின் டோஹர்டியும் தடானியும் 1982இல் காட்டினார்கள். ஆகவே ரிப்போர்ட் கட்டுபவர்கள் முதலில் ஒவ்வொரு படியையும் அளக்கட்டும். முதல் திரையில் வரைபடங்களைக் குறைக்கட்டும். மாறாத கூட்டுத்தொகைகளை இரவிலேயே போட்டு வைக்கட்டும். 64 கிலோபிட் காலத்தில் வேறு வழியின்றிச் செய்த அந்த வேலையை, வசதி பெருகிய இன்று விரும்பியே செய்ய வேண்டும்.