அரோகரா

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சிறுவாபுரி. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். சொந்த வீடு வேண்டி, ஆறு செவ்வாய்க்கிழமை வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் இங்கே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தீபாராதனையின்போது ஒருவர் "வெற்றிவேல் முருகனுக்கு" என்று குரல் கொடுக்க, மண்டபமே "அரோகரா" என்கிறது. என்ன பொருள் இதற்கு?

வேர், வடமொழியின் 'ஹ்ரு'. எடுத்தல், கவர்தல், நீக்குதல் என்று பொருள். அதில் பிறந்த 'ஹர' என்றால் நீக்குபவன், சிவபெருமானின் பெயர். சுவேதாசுவதர உபநிடதத்திலேயே இப்பெயர் வருகிறது. தேவாரத்தில் அது அரன். அபகரித்தல், பரிகாரம், கந்த சஷ்டியின் சூரசம்ஹாரம் எல்லாம் இதே வேரின் கிளைகள்.

நடுவில் ஓகாரம் எங்கிருந்து வந்தது? 'ஹர:' என விசர்க்கத்தில் முடியும் சொல்லை அடுத்து ஹகரம் வந்தால், வடமொழிப் புணர்ச்சியில் அது 'ஹரோ' ஆகும். மனஸ் என்பது ஹரவோடு சேர்ந்து மனோஹர ஆவதும் இவ்விதியே. ஆக, 'ஹரோ ஹரா' என்பது ஒரே பெயரை அடுத்தடுத்து இருமுறை சொல்வது. ஈற்றிலுள்ள நெடில், முருகா, கந்தா என்பதில் போல, கூப்பிடும் குரலின் நீட்சி. நோயைக் குறிக்கும் 'ரோகம்' இதில் இல்லை.

தமிழ் நாவில் சொல்லின் முதல் ஹகரம் உதிரும்: ஹரி அரியானார், ஹனுமான் அனுமானானார். இடையில் வந்தால் ககரமாகும்: மோஹம் மோகமாயிற்று. ஹரோஹரா அரோகராவானது இப்படித்தான். கதிர்காமத்தில் சிங்களப் பக்தர்கள் ஹகரம் மாறாமல் "ஹரோ ஹரா" என்றே அழைக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த இந்திக்காரர்களின் வாயில் அதே பெயர் "ஹர் ஹர் மகாதேவ்". நாம் முதலெழுத்தை மாற்றினோம். அவர்கள் ஈற்றுயிரை விட்டார்கள்.

சிவன் கோயிலில் "நமப் பார்வதி பதயே" என்றால், பார்வதியின் நாயகனுக்கு வணக்கம். அதற்கு மறுமொழியான "ஹர ஹர மகாதேவா" நேரே அவரையே விளிக்கிறது. முருகன் கோயிலிலோ 'முருகனுக்கு' என்று நான்காம் வேற்றுமை வருகிறது. அந்த உருபைக் கவனியுங்கள். தகப்பன் பெயராக இருந்த சொல், மகனுக்குச் சொல்லும் போற்றியாகவே மாறிவிட்டது. இந்த மாற்றம் தமிழர் செய்தது.

"போட்ட பணம் அரோகரா" என்று பேச்சில் சொல்லும்போது, தொலைந்தது என்றே பொருள்படுகிறது. கோயிலில் சொல்லும்போது அது வேண்டுதல். அரோகரா ஒரு சிதைந்த சொல் அல்ல. வடமொழி வேரும் தமிழ் ஒலிமரபும் சேர்ந்து ஆக்கிய முழுச்சொல். குழந்தைகளுக்கு அரோகரா சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். குறை நீக்குபவனை அழைக்கிறோம் என்ற பொருளையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.