தமனியும் சிரையும்: இதயக் குழாய்ப் பெயர்களின் பொருள் வரலாறு

1. முன்னுரை

கலைச்சொல் தான் பிறந்த காலத்தின் கோட்பாட்டைச் சுமந்து வருகிறது. கோட்பாடு வீழ்ந்த பின்னும் சொல் நிலைக்கிறது. அதன் பொருள் மட்டும் மாறுகிறது. இதயத்தோடு இணைந்த பெருங்குழாய்களின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும். அப்பெயர்களின் வரலாற்றையும், அவை மொழிபெயர்ப்பில் தோற்றுவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காற்றும் குருதியும்

ஆங்கில 'ஆர்ட்டரி'யின் மூலமாகிய 'ஆர்ட்டீரியா' கிரேக்கத்தில் மூச்சுக்குழாயையும் குறித்தது. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்படும். கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான எரசிஸ்திராட்டஸ் அவற்றுள் உயிர்க்காற்றே இயங்குவதாகக் கருதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி இடைப்பகுதியை அறுத்து, உள்ளே இருப்பது குருதியே எனக் காட்டினார். கருத்து மாறியது, பெயர் மாறவில்லை.

வடமொழித் 'தமனி'யும் ஊதுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததே. 'சிரை' என்பதைச் சரக சங்கிதை செல்லுதல் என்னும் வினையோடு தொடர்புபடுத்துகிறது. சுசுருத சங்கிதையோ சிரைகள் 700, தமனிகள் 24 எனக் கணக்கிட்டு, இவை கொப்பூழிலிருந்து கிளைப்பதாகக் கூறுகிறது. எனவே இன்றைய தமனி, சிரை என்னும் பாகுபாடு அந்நூலின் பாகுபாடன்று. பழஞ்சொற்கள் பிற்காலத்தில் புதுப்பொருளுக்கு வரையறுக்கப்பட்டன.

3. பெயர் தடுமாறிய குழாய்கள்

வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் சுவர் தமனியினுடையதைப் போலத் தடித்தது. ஆயினும் அது குருதியைச் சுமந்து இதயத்தின் வலப்புறத்தோடு இணைந்திருந்தமையால் பண்டையோர் அதனைச் சிரையெனக் கொண்டு, 'தமனித் தன்மையுள்ள சிரை' என்றனர். நுரையீரலிலிருந்து இடப்புறம் வருவது 'சிரைத் தன்மையுள்ள தமனி' எனப்பட்டது. சுவரின் அமைப்பும் உள்ளிருப்பதாகக் கருதப்பட்ட பொருளும் முரண்பட்டதன் விளைவே இவ்விரட்டைப் பெயர்கள்.

குருதி இதயத்தின் நடுச்சுவரை ஊடுருவாமல் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். 1628இல் வில்லியம் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் நிறுவினார். அதன் வழியே புதிய அளவுகோல் உருவாயிற்று: இதயத்தினின்று குருதியைக் கொண்டு செல்வது தமனி, இதயத்திற்குக் கொணர்வது சிரை. நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை என்னும் இன்றைய பெயர்கள் இவ்வளவுகோலுக்கு இயைந்தவை.

4. தமிழ் வழக்கு

தமனி 'நல்ல இரத்தத்தையும்' சிரை 'கெட்ட இரத்தத்தையும்' கொண்டு செல்லும் என்னும் விளக்கம் தமிழில் பரவலாக வழங்குகிறது. இது திசையை விட்டு உள்ளடக்கத்தால் வரையறுக்கும் பழைய முறையே. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த குருதியும், நான்கு நுரையீரல் சிரைகளில் ஆக்சிஜன் மிகுந்த குருதியும் ஓடுகின்றன. சிறுநீரகச் சிரையின் குருதியிலோ, அவ்வுறுப்பினுள் நுழையும் தமனியின் குருதியைவிட யூரியா குறைவு. 'கெட்ட' என்னும் அடை இங்குப் பொருந்தவே பொருந்தாது.

மற்றொரு சிக்கல் வழக்கு வேறுபாட்டால் எழுவது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அறிவியல் தமிழுக்கு இத்தகைய நீண்ட மரபுடைய இலங்கையில் ஆர்ட்டரி 'நாடி', வெயின் 'நாளம்' என வழங்குகின்றன. துடிப்பு தமனியில் உணரப்படுவதால் 'நாடி' பொருத்தமானதே. ஆனால் தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்பது குருதிக்குழாய் அனைத்திற்கும் பொது. 'நாளமில்லாச் சுரப்பி'யில் அது சுரப்புநீர் செல்லும் வழியைக் குறிக்கிறது. 'நாளத்தில் அடைப்பு' என்னும் தொடரைச் சென்னை வாசகர் தமனியடைப்பு எனவும், யாழ்ப்பாண வாசகர் சிரையடைப்பு எனவும் கொள்ளக்கூடும். நோயாளிக்குரிய அறிவுறுத்தலில் இது சிறு பிழையன்று.

5. முடிவுரை

'தமனி' காற்றை மறந்தும் வாழ்கிறது. ஆகவே சொற்பிறப்பைக் கொண்டு சொல்லை விலக்க வேண்டியதில்லை. திசை கொண்டு வரையறுத்தலும், ஒரு நூலினுள் ஒரே வழக்கைப் பேணுதலும், 'நாளம்' வருமிடத்து எப்பொருளில் வருகிறது என முதலிலேயே சுட்டுதலும் மொழிபெயர்ப்பாளர் கடமைகளாகும்.