தீயில் புதைந்த ஒரு கிளினிக்

ஒரு சின்ன த்ரெட். சர்ஜரின்னா பயப்படுறவங்களும் தைரியமா படிக்கலாம்.

1/
1989. இத்தாலியின் ரிமினி நகரம். ஃபெராரி சதுக்கத்துல (காரை நினைக்காதீங்க, இடத்தோட பேரு!) பூங்கா சீரமைப்பு வேலை நடக்குது. தோண்டின இடத்துல பழைய கட்டடத்தின் தடயம் தட்டுப்பட்டது.

2/
வேலையை நிறுத்தி அகழாய்வு பண்ணாங்க. வெளிய வந்தது ரோமானியர் காலத்து வீடு. அப்போ இந்த ஊருக்கு அரிமினம்னு பேரு. ஒரு அறையின் மொசைக் தரையில் யாழ் வாசிக்கும் ஆர்ஃபியஸ். அதை ஒட்டிக் கட்டில் போட்ட சின்ன அறை.

3/
அங்கே கிடைச்ச அறுவை சிகிச்சைக் கருவிகள் 150க்கும் மேல! கத்தி, ஃபோர்செப்ஸ், பல் பிடுங்கும் குறடு, எலும்பை நெம்பும் கருவி. இன்னைக்கு எங்க தியேட்டர் ட்ரேயில் வச்சா பாதிக்கு மேல நர்ஸ் சிஸ்டரே பேர் சொல்லிடுவாங்க.

4/
உடம்பில் தைத்த அம்பு முனையை வெளியே எடுக்கும் கருவியும் உண்டு. பிரசவம், மகளிர் நோய்க்கான கருவிகள் இல்லை. அதனால இவர் ராணுவத்தில் வேலை பார்த்தவரா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க.

5/
கூடவே மருந்து அரைக்கும் கல்வங்கள், கிரேக்க எழுத்தில் மூலிகைப் பெயர் எழுதிய ஜாடிகள், வெந்நீர் ஒத்தடத்துக்கான பாதம் வடிவ மண்பாண்டம். கிளினிக்கும் பார்மசியும் ஒரே கூரைக்குக் கீழே.

6/
என்னை உலுக்கினது வேற. கட்டில் இருந்த அறைச் சுவரில் யாரோ கீறி வச்ச வரி: யூட்டிகெஸ் என்ற நல்ல மனுஷன் இங்க இருக்கார், வேதனைப்படுறவங்களும் இங்க இருக்காங்கன்னு பொருள். வலியோட படுத்திருந்த நோயாளி எழுதினதா இருக்கணும். மயக்க ஊசி இல்லாத காலம். கிருமின்னா என்னன்னே தெரியாத காலம். அந்த நிலையிலும் டாக்டரை நல்லவர்னு எழுத ஒருத்தருக்குத் தோணியிருக்கு.

7/
கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் வீடு எரிஞ்சது. ஜெர்மானியப் படையெடுப்பு காரணமா இருக்கலாம்ங்கிறாங்க. சூட்டில் கருவிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. இடிஞ்ச சுவரும் கூரையும் மேல விழுந்து மூடிடுச்சு.

8/
யோசிச்சுப் பாருங்க. அந்த மருத்துவர் நிம்மதியா ஓய்வு பெற்றிருந்தா கருவிகள் கை மாறியிருக்கும், வெண்கலம் உருக்கப்பட்டிருக்கும். நமக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அவருக்கு நடந்த பேரழிவுதான் நமக்கு ஆவணம்.

9/
2007ல வீட்டை மக்கள் பார்வைக்குத் திறந்தாங்க. கருவிகள் பக்கத்திலேயே நகர அருங்காட்சியகத்தில் இருக்கு.

1989ல "வேலை லேட்டாகுது, மண்ணைத் தள்ளி மூடு"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா போதும். நெருப்பு விட்டுவச்சதை நாம அழிச்சிருப்போம்.

அஸ்திவாரம் தோண்டும்போது பழைய செங்கல்லோ பானையோ தட்டுப்பட்டா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கீழ யாரோட வீடு இருக்குன்னு நமக்குத் தெரியாது.